நாள்பட்ட முதுகுவலிக்கு 25 சதவீதம் என்று எழுதி உதவித்தொகையை மறுத்துவிட்டார்கள்: மேல்முறையீடு யாரிடம் செய்வது?

ஆத்தங்குடிப் பெண்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது நாற்பத்தேழு. ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். அச்சில் வார்த்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவதும், ஊறிய பிறகு குனிந்து எடுத்து அடுக்குவதும் என் பொறுப்பு. இடுப்பில் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு இடையில் இருக்கும் எல்4-எல்5 டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது என்று எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்கிறது. வலி இடது தொடை வழியாகப் பாதம் வரை இறங்குகிறது. உலை கொதிக்கும் நேரம்கூட அடுப்படியில் தொடர்ந்து நிற்க முடியாததால் வேலையை விட்டுவிட்டேன்.

மாற்றுத்திறனாளி சான்றுக்குச் சென்றபோது மருத்துவக் குழு 25 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தது. அந்தச் சான்றை வைத்து இ-சேவை மையம் வழியாக உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். 40 சதவீதத்திற்குக் குறைவு என்று நிராகரித்துவிட்டார்கள். விசாரணைக் குறிப்பில், நான் வீட்டு வேலைகளைச் செய்துவருவதாகவும் எழுதியிருக்கிறதாம். மேல்முறையீட்டை நான் யாரிடம் செய்ய வேண்டும்? கண்ணுக்குத் தெரியாத வலியை எப்படி நிரூபிப்பது? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர், காரைக்குடி:

அம்மா, உங்களுக்கு நேர்ந்திருப்பது இரண்டு தனித்தனி மறுப்புகள். சதவீதத்தை நிர்ணயித்தது மருத்துவக் குழு. உதவித்தொகையை மறுத்தது சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். வட்டாட்சியரின் உத்தரவை எதிர்த்து தேவகோட்டை வருவாய்க் கோட்டாட்சியரிடம் முறையிடலாம் என்றாலும், அவரால் மருத்துவர் எழுதிய சதவீதத்தை மாற்ற முடியாது. எனவே 25 என்ற எண் நிற்கும்வரை அந்த முறையீட்டால் பயன் இல்லை. பலர் இந்த வேறுபாடு தெரியாமல் திங்கட்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரே மனுவைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக் காலத்தைத் தொலைப்பதை என் பணிக்காலத்தில் வேதனையோடு பார்த்திருக்கிறேன்.

நீங்கள் முதலில் எதிர்க்க வேண்டியது சான்றைத்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் பிரிவு 58 சான்று வழங்குவதைப் பற்றியது. அந்த முடிவில் குறையுள்ளவர் மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம் என்கிறது பிரிவு 59. மனுவை சிவகங்கை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுத்து, அது யாருக்கு அனுப்பப்படும், காலக்கெடு என்ன என்பதைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்தத் தாளையும் கையைவிட்டு விடாதீர்கள்.

அத்துடன், குழு உங்களைப் பரிசோதித்து நிரப்பிய மதிப்பீட்டுத் தாளின் நகல் உங்களுக்குத் தேவை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். எந்த மூட்டின் அசைவை அளந்தார்கள், எதை அளக்காமல் விட்டார்கள் என்பது அந்தத் தாளில்தான் தெரியும். ஆனால் அது வந்துசேரும் வரை மேல்முறையீட்டை நிறுத்திவைக்க வேண்டாம், பின்னால் இணைத்துக்கொள்ளலாம்.

இயன்முறை மருத்துவர், கோட்டையூர்:

25 என்ற எண் எங்கிருந்து வந்திருக்கும் என்று சொல்கிறேன். 2018 ஜனவரியில் மத்திய அரசிதழில் வந்த மதிப்பீட்டு வழிகாட்டுதலில், காயத்தால் வராத முதுகெலும்புக் கோளாறுகளுக்கு ஒரு படிநிலை உண்டு. வலி இருப்பதாக நோயாளி சொல்வது மட்டும் இருந்து, தசை இறுக்கமோ படத்தில் தெரியும் மாற்றமோ இல்லையென்றால் பூஜ்யம். வலி, நீங்காத தசை இறுக்கம், விறைப்பு ஆகியவற்றோடு எக்ஸ்-ரே முதலியவற்றில் லேசான மாற்றம் தெரிந்தால் 20, மிதமான மாற்றம் என்றால் 25, முதுகெலும்பின் ஏதேனும் ஒரு பகுதியில் கடுமையான மாற்றம் என்றால் 30, முழு முதுகெலும்பிலும் அப்படி இருந்தால் 40. இந்த வழிகாட்டுதல் 2024 மார்ச்சில் திருத்தப்பட்டிருப்பதால், மனு எழுதுமுன் திருத்திய பதிப்பையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

உங்களை 'மிதமான மாற்றம்' என்ற படியில் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இடுப்பு டிஸ்க் ஒன்றை மட்டும் கணக்கிட்டால் 40-ஐத் தொடுவது கடினம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் நரம்பு அழுத்தப்பட்டுக் காலின் பலம் குறைந்திருந்தால் அதைத் தனியாக மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். சேர்ப்பது நேரடிக் கூட்டல் அல்ல: பெரிய எண்ணை அ என்றும் சிறியதை ஆ என்றும் வைத்துக்கொண்டால், அ + ஆ × (90 − அ) ÷ 90 என்பது சூத்திரம். முதுகுக்கு 25, காலுக்கு 20 என்றால் 39 சொச்சம்தான் வரும். காலுக்கும் 25 என்றால் 43 வரும். முதுகு 30, கால் 20 என்றாலும் 43 வரும். உங்கள் வழக்கு இந்தச் சில புள்ளிகளில்தான் நிற்கிறது. ஆகவே கேட்கிறேன்: உங்கள் காலின் பலத்தைக் குழுவில் யாராவது சோதித்தார்களா?

தேவகோட்டை வாசகர்:

அக்கா, எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடல் முழுதும் நாள்பட்ட வலி தரும் நோய். படமெடுத்தால் எதுவும் தெரியாது. இரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருக்கும். சட்டத்தின் அட்டவணையில் உள்ள 21 வகைகளில் என் நோயின் பெயரும் இல்லை, நாள்பட்ட வலி என்ற தலைப்பும் இல்லை. எனவே எனக்குப் பூஜ்யம் என்றே வந்தது. நோய்களை வகைப்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியல், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்கு எம்.ஜி.30 என்று தனிக் குறியீடே கொடுத்திருக்கிறது. நம் மதிப்பீட்டு முறை இன்னும் மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்பதையே பார்க்கிறது. இது நியாயமில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன், மாற வேண்டும். ஆனால் உங்கள் கையில் எனக்கு இல்லாத எம்.ஆர்.ஐ. அறிக்கை இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

வலியைப் பற்றி எழுதும்போது 'தாங்க முடியவில்லை' என்று எழுதினால் யாரும் குறித்துக்கொள்வதில்லை. எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, நடக்கும்போது எந்த இடத்தில் நின்றுவிட வேண்டியிருக்கிறது, ஒரு வேலை செய்தபின் எத்தனை நேரம் படுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதுங்கள். வீட்டு வேலை செய்கிறீர்கள் என்ற குறிப்புக்கும் அதுவே பதில்.

ஆத்தங்குடிப் பெண்:

மூவருக்கும் நன்றி. படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார்கள். முன்னால் குனியச் சொன்னார்கள். வலி மாத்திரை போடாமல் பேருந்தில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது என்பதால் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். ஓரளவு குனிய முடிந்தது. மாத்திரை பற்றி அவர்கள் கேட்கவில்லை. பாதத்தைத் தனியாகச் சோதிக்கவில்லை. ஆனால் ஒன்று: இடது கால் செருப்பு நடக்கும்போது கழன்றுவிடுகிறது, அது எனக்குத் தெரிவதே இல்லை. நாலடி தள்ளிப்போன பிறகு வெறுங்காலில் மண் சுடும்போதுதான் திரும்பிப் பார்க்கிறேன். இதையும் சொல்ல வேண்டுமா?

இயன்முறை மருத்துவர், கோட்டையூர்:

அம்மா, முதலில் சொல்ல வேண்டியதே அதுதான். செருப்பு கழல்வது, கணுக்காலையும் கட்டைவிரலையும் மேலே தூக்கும் தசைகள் பலமிழந்திருப்பதைக் காட்டலாம். கழன்றது தெரியாமல் இருப்பது உணர்ச்சிக் குறைவைக் காட்டலாம். எல்4-எல்5 இடத்தில் அழுத்தப்படும் நரம்போடு இது பொருந்துகிறது. எலும்பியல் அல்லது நரம்பியல் மருத்துவரிடம் சென்று தசைபலத்தை 0 முதல் 5 வரையிலான தரத்தில் எழுதி வாங்குங்கள். வழிகாட்டுதலில் தரம் 4 என்றால் 20 சதவீதப் பல இழப்பு, தரம் 3 என்றால் 40 என்று கொள்கிறார்கள். அது அப்படியே காலின் சதவீதம் ஆகிவிடாது, அதிலிருந்து கணக்கிட வேண்டும். நரம்பு மின்கடத்தல் சோதனையும் செய்துகொண்டால், சொல்லை நம்ப வேண்டிய நிலை போய், தாளைப் பார்க்கும் நிலை வரும். மறுபரிசோதனைக்குப் போகும்போது என்ன மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதை நீங்களே சொல்லி, மதிப்பீட்டுத் தாளில் குறிக்கும்படி கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போக வேண்டாம்.

உதவித்தொகையைவிட அவசரமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, உட்காரும் இடத்திலும் தொடையின் உட்புறத்திலும் மரத்துப்போனாலோ, அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ராயவரம் வாசகி:

என் அண்ணிக்கும் இதே நிலைதான். நாங்களும் தேவகோட்டைக்குத்தான் செல்ல வேண்டுமா?

ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர், காரைக்குடி:

இல்லை. செட்டிநாட்டு ஊர்கள் இரண்டு மாவட்டங்களில் இருக்கின்றன. ராயவரம் புதுக்கோட்டை மாவட்டம் என்பதால் உங்களுக்கு எல்லாமே அந்தப் பக்கம்தான்.

ஆத்தங்குடி அம்மாவுக்கு, மனுவின் முக்கியப் பத்தியை இப்படி எழுதலாம்: 'எனது மதிப்பீட்டில் முதுகெலும்பு மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. இடது காலின் தசைபலக் குறைவும் உணர்ச்சிக் குறைவும் பரிசோதிக்கப்படவில்லை. இத்துடன் இணைத்துள்ள எம்.ஆர்.ஐ. அறிக்கை, நரம்பு மின்கடத்தல் சோதனை அறிக்கை, சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் தசைபலக் குறிப்பு ஆகியவற்றின் அடிப்படையில், முதுகெலும்பையும் காலையும் தனித்தனியே மதிப்பிட்டு, வழிகாட்டுதலில் உள்ள சூத்திரப்படி சேர்த்து, திருத்திய சான்று வழங்குமாறு பிரிவு 59-இன் கீழ் வேண்டுகிறேன்.' கஷ்டங்களை இதற்கு அடுத்த பத்தியில், தேவகோட்டைத் தம்பி சொன்ன முறையில் எழுதுங்கள்.

வழக்கறிஞருக்குச் செலவு செய்ய வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் பிரிவு 12 பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் தகுதியை அளிக்கிறது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், அல்லது வட்டச் சட்டப்பணிகள் குழுவை நேரில் அணுகலாம். மேல்முறையீட்டுக்குப் பதிலே வரவில்லையென்றால், சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு முறையிடலாம். அதற்கும் மேலே உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது.

ஆத்தங்குடிப் பெண்:

சான்று 40-க்கு மேல் திருத்தி வந்தால், பழைய விண்ணப்பமே மறுபடி எடுத்துக்கொள்ளப்படுமா, ஐயா? தொகை எவ்வளவு?

ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர், காரைக்குடி:

நிராகரித்த விண்ணப்பம் தானாக உயிர்பெறும் என்று காத்திருக்க வேண்டாம். திருத்திய சான்றுடன் இ-சேவை மையத்தில் புதிதாகவே பதிவு செய்யுங்கள். வருவாய்த்துறை வழங்கும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 1,500 ரூபாய். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை வேறு திட்டம்; கை, கால் பாதிப்புக்கு அதில் 75 சதவீதம் வேண்டும் என்பதால் இப்போதைக்கு அதற்கு எழுத வேண்டாம். கிராம நிர்வாக அலுவலர் மீண்டும் விசாரணைக்கு வரும்போது, வீட்டில் யார் சமைக்கிறார்கள், தண்ணீர் யார் எடுத்து வருகிறார்கள் என்பதை உடனிருப்பவர்களும் சொல்லட்டும். வாக்குமூலத்தை முழுதும் படித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்துப் போடுங்கள்.