கோரோல்லா 110: சூடானதும் ஸ்லோவில ஒயில் லைற் மினுங்குது

உவர்மலை_110:
வணக்கம் அண்ணன்மார். என்னட்ட நிக்கிறது 97ஆம் ஆண்டு 110, 5ஏ பெற்றோல் எஞ்சின். மீற்றர் 2,87,000 காட்டுது. இறக்கினவங்கள் அதை எவ்வளவு திருப்பினாங்களோ, கோணேசருக்குத்தான் வெளிச்சம்.

போன கிழமை ஹபரணையில இருந்து திருகோணமலைக்கு ஓடி வந்தனான், வழியில ஒரு பிரச்சினையுமில்ல. வந்த சூட்டோட அம்மாவை ஏத்திக்கொண்டு கோயிலுக்குப் போக, கோட்டைக்குள்ள மான் ஒண்டு றோட்டுக்குக் குறுக்க நிண்டிட்டுது. எஞ்சின் ஸ்லோவில (அக்சிலரேற்றர் மிதிக்காம) நிக்கேக்க ஒயில் பிறஷர் லைற் மினுங்கத் தொடங்கிற்று. கொஞ்சம் றேஸ் பண்ணினா அணையுது. டிப்ஸ்டிக்கில ஒயில் மேல் கோட்டில நிக்குது.

கராஜில 10-30 ஒயிலை இறக்கிப்போட்டு அதைவிடத் தடிச்ச 20-50 ஊத்தினாங்கள். ரெண்டு நாள் லைற் வரேல்ல, பிறகு பழைய கதைதான். இப்ப அங்கத்தைப் பாஸ் "எஞ்சின் முடிஞ்சுது, றீக்கண்டிஷன் ஒண்டு பாரும்" எண்டுறார். உண்மையா முடிஞ்சுதா?

கிண்ணியா_டொல்பின்:
தம்பி, முதல்ல அந்த லைற்றைப் பத்தவைக்கிற ஒயில் பிறஷர் சுவிற்சை மாத்துங்க. என்ட டொல்பின் வானுக்கும் இப்பிடித்தான், மூணு மாசம் பயந்து பயந்து ஓட்டினன். கடைசியில பாத்தா எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல, சுவிற்ச்தான் பழுது.

பழைய_பாஸ்:
சுவிற்ச் பழுதாகிறது வழமைதான். ஆனா அதுக்கு லைற்றைப் பத்தவும் அணைக்கவும் மட்டும்தான் தெரியும், பிறஷர் எவ்வளவெண்டு சொல்லத் தெரியாது. அதைக் கழட்டிப்போட்டு அந்த ஓட்டையிலயே பிறஷர் கேஜ் ஒண்டைப் பூட்டுங்க. எஞ்சின் நல்லாச் சூடேறின பிறகு பாக்கவேணும். குளிரில பாத்தா எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான்.

இந்த எஞ்சினுக்கு டொயோட்டா சொல்ற கணக்கு: ஸ்லோவில 4 பி.எஸ்.ஐ. சொச்சத்துக்குக் குறையக் கூடாது, 3000 ஆர்.பி.எம்.இல 36 தொடக்கம் 71 வரை. ஸ்லோவில குறைஞ்சு, றேஸ் பண்ண வடிவா ஏறினா கிராங்க் பெயறிங் தேய்ஞ்சு இடைவெளி கூடியிருக்கு எண்டு நினைக்கலாம். றேஸ் பண்ணியும் ஏறாட்டி, ஒயில் பம்புக்கு ஒயில் போதாம வருது, இல்லாட்டி பிறஷர் கூடினா ஒயிலைத் திருப்பி விடுற றிலீஃப் வால்வ் திறந்தபடி இறுகிக் கிடக்கு, இல்லாட்டி பம்பே தேய்ஞ்சிட்டுது.

ரெண்டு கேள்வி. காலையில ஸ்ராட் பண்ணேக்க லைற் உடனே அணையுதா? சம்ப் (எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற தட்டு) எப்பவாவது கழட்டினதா? பதில் வரும்வரைக்கும் தூர ஓட்டம் வேண்டாம்.

உவர்மலை_110:
கேஜ் இரவல் வாங்கிப் பூட்டினன். சூட்டில ஸ்லோ 5, 3000இல 22தான். முந்திக் காலையில லைற் உடனே அணையும். 20-50 ஊத்தினாப் பிறகு நாலஞ்சு செக்கன் எடுக்குது. சம்ப் தை மாசம் கழட்டினது, ஒயில் கசிவுக்கு. அது வேற கராஜ்.

பழைய_பாஸ்:
அப்ப எஞ்சினுக்கு விலை பேசாம சம்பைக் கழட்டுங்க. இதுக்குச் சம்ப் காஸ்கற் இல்ல, சிலிக்கன் பசைதான். சிலபேர் பாணுக்குப் பட்டர் பூசிற மாதிரிப் பூசுவாங்கள். உள்பக்கம் பிதுங்கினது உதிர்ந்து, பம்பு ஒயில் இழுக்கிற ஸ்ரெயினர் நெற்றில போய் ஒட்டும். அடைச்ச நெற்றுக்குள்ளால குளிரில தடிச்ச ஒயிலை இழுக்கப் பம்பு படுற பாடுதான் அந்த நாலஞ்சு செக்கன். கழட்டின கையோட கொன்றொட் கப் (பிஸ்டன் தண்டைக் கிராங்கோட பிடிக்கிற மூடி) ஒண்டையும் திறந்து பெயறிங்கைப் பாருங்க.

உவர்மலை_110:
ஞாயிற்றுக்கிழமை கழட்டினம். நெற்றில அரைவாசிக்கு மேல கறுப்புச் சிலிக்கன், பிய்ச்சுப் போட்ட இடியப்பம் மாதிரி. மிச்சத்தில கரிச்சேறு. ஸ்ரெயினரையும் சம்பையும் கழுவி, சிலிக்கனை மெல்லிசாப் பூசி, திரும்ப 10-30உம் புது ஃபில்டரும் போட்டாச்சு. கந்தளாய் வரைக்கும் போய் வந்து பாத்தன்: ஸ்லோ 11, 3000இல 43. பெயறிங்கில லேசாக் கீறல் இருக்கு. மாத்தேல்ல, காசில்ல.

பழைய_பாஸ்:
11 போதும். கீறல் கீறல்தான், ரெண்டு மூண்டு மாசத்தால இன்னொருக்கா கேஜைப் பூட்டிப் பாருங்க. 3000இல 36க்குக் கீழ இறங்கினா அப்ப பெயறிங்கைப் பற்றிக் கதைப்பம்.

கிண்ணியா_டொல்பின்:
அப்ப சுவிற்ச் மாத்தல்லையா தம்பி?

உவர்மலை_110:
மாத்தினன் நானா. கேஜ் பூட்டக் கழட்டேக்க பழசு கையோட உடைஞ்சு வந்திட்டுது.