விவாதம்: புதிய ஜி.எச். கட்டடத்தின் வரைபடம் இறுதியாகும் முன் வார்டில் இருப்பவர்களைக் கேட்க வேண்டுமா?

இரவுப்பணி_செவிலி

எங்கள் ஊர் ஜி.எச்.சுக்கு 300 படுக்கையோடு ஆறு மாடிக் கட்டடம் வரப்போகிறது. மண் பரிசோதனை முடிந்தது, வரைபடமும் தயார் என்கிறார்கள். கண்காணிப்பாளர் அறை மேசைமேல் விரித்துத் துறைத் தலைவர்களுக்கு ஒருமுறை காட்டினார்கள். செவிலியர் யாரையும் கூப்பிடவில்லை. தூய்மைப் பணியாளர், லேப், சமையல்கூடம், நோயாளிகள் என்ற பேச்சே எழவில்லை. அடுத்த மாதம் டெண்டர்.

22 வருடமாக வார்டில் இருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் ஊரில் இப்படித்தான் புதிய மகப்பேறு கட்டடம் வந்தது. டைல்ஸ் எல்லாம் பளபளவென்று இருந்தது. திறந்த இரண்டாம் மாதம், குழந்தை பெற்று ஆறு மணி நேரம்கூட ஆகாத ஒரு பெண் விடியற்காலையில் கழிவறைக்குப் போனாள். உள்ளே மயங்கி விழுந்துவிட்டாள். அது உள்பக்கம் திறக்கிற கதவு. அவள் உடம்பே கதவுக்கு முட்டுக்கொடுத்தபடி கிடந்தது. தள்ளினால் தலையில் இடிக்கும். வாட்ச்மேன் ஓடிவந்து மேலே இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, ஒல்லியான பயிற்சி மாணவி ஒருத்தியை உள்ளே இறக்கினார். எல்லாம் முடியப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது இன்றும் என் காதில் இருக்கிறது.

மகப்பேறு வார்டில் ஒரு வருடம் வேலை செய்த யாரைக் கேட்டிருந்தாலும் கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும் என்று சொல்லியிருப்பார்கள். கீல் மாட்டும் பக்கத்தை மாற்ற ஒரு பைசா கூடுதல் செலவு கிடையாது.

டெண்டருக்கு முன் வரைபடத்தோடு எங்களிடம் வந்து உட்கார வேண்டும் என்று மனு எழுதுகிறேன். என்ன சொல்கிறீர்கள்?

பழைய_பொறியாளர்

சிஸ்டர், அந்தக் கதவு விஷயத்தில் தவறு கட்டியவர்கள் பக்கம்தான். மறுக்க மாட்டேன். ஆனால் அதை வைத்து எல்லாரையும் கூப்பிட்டு வரைபடம் போடலாம் என்ற முடிவுக்கு வர முடியாது.

31 வருடம் அரசுக் கட்டடங்கள் கட்டியவன் நான். ஒரு மருத்துவமனைக்கு அப்படித்தான் எல்லாரையும் கூப்பிட்டோம். ஒவ்வொரு துறைக்கும் தனி ஆபரேஷன் தியேட்டர் வேண்டும், தனி டியூட்டி ரூம் வேண்டும், அதற்குள்ளேயே கழிவறை வேண்டும். மூன்று கூட்டத்தில் பரப்பளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. ஒதுக்கிய பணம் கூடவில்லை. எதையாவது வெட்டியாக வேண்டும். ஒருவரும் சண்டை போடாத இடம் எதுவோ அதை வெட்டினோம். அது கீழ்த்தளத்துக் காத்திருப்புக் கூடம்.

இன்னொன்று, மாறுதல். இன்று கையெழுத்துப் போட்ட கண்காணிப்பாளர் ஆறு மாதத்தில் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார். வருகிறவர் வேறு மாதிரி கேட்பார். டெண்டருக்குப் பிறகு சுவர் ஒரு அடி நகர்ந்தாலும் அது கூடுதல் பணி. திருத்திய மதிப்பீடு சென்னைக்குப் போய்த் திரும்புவதற்குள் கம்பி விலை ஏறியிருக்கும்.

கிண்டியில் கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையைப் பாருங்கள். 2022 மார்ச்சில் அடிக்கல், 2023 ஜூனில் திறப்பு. ஆயிரம் படுக்கை, பதினைந்து மாதம். வரைபடத்தைத் தொட்டுத் தொட்டுத் திருத்திக்கொண்டிருந்தால் இந்த வேகம் வராது. ஓமந்தூரார் மருத்துவமனை சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் கட்டிய கட்டடம். மருத்துவமனை என்று நினைத்து அதில் ஒரு கோடுகூட யாரும் வரையவில்லை. இன்று அங்கே சிகிச்சை நடக்கிறது. கட்டடத்துக்கு மனிதர்கள் பழகிக்கொள்வார்கள். கட்டடமே வராமல் போனால் எதற்குப் பழகுவது?

மூன்றாம்_வார்டு

எனக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. தூய்மைப் பணி செய்கிறேன். பழகிக்கொள்வார்கள் என்று ஐயா சொன்னதால் எழுதுகிறேன்.

மருத்துவக் கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 2016 விதிப்படி பிரிக்கிறோம். பிரித்த பையை வைக்க மாடியில் இடம் கிடையாது. படிக்கட்டுக்கு அடியில் வைத்தால் திட்டு விழும். ஓடுகிற லிஃப்ட் ஒன்றுதான். காலையில் இட்லி, கஞ்சி ஏறுகிற அதே லிஃப்டில்தான் மஞ்சள் பை இறங்குகிறது. மாப்பை அலச இடம் இல்லாமல் நோயாளிகள் முகம் கழுவுகிற தொட்டியில் அலசுகிறோம். பார்க்கிறவர்கள் எங்களைப் பார்த்துத்தான் முகம் சுளிக்கிறார்கள். பழகிக்கொண்டது என்றால் இதுதான் ஐயா.

மாடிக்கு ஒன்றாக நாலுக்கு நாலு அடி இடம், ஒரு குழாய், தரையோடு ஒரு தொட்டி. இதைச் சொல்ல யாரிடம் போக வேண்டும்?

டயாலிசிஸ்_மகன்

பொறியாளர் ஐயா காத்திருப்புக் கூடத்தை வெட்டியதாகச் சொன்னார். அங்கே உட்காருகிற ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பார், வெட்டியிருக்க மாட்டீர்கள்.

அப்பாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறேன். ஒரு தடவை உட்கார்ந்தால் நாலு மணி நேரம். நான் இருப்பது வெளியே, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். வார்டில் சேர்த்தால் இன்னும் மோசம். நம் ஊரில் நோயாளி தனியாக வருவதில்லை. கூட ஒருவர் இருந்தால்தான் மாத்திரை வாங்க, ரத்தம் கொண்டுபோய்க் கொடுக்க, ஸ்கேனுக்குத் தள்ளிப்போக முடியும், மருத்துவமனையே அதை நம்பித்தான் ஓடுகிறது. அந்த ஆளுக்கு வரைபடத்தில் எங்கே இடம்? 300 படுக்கை என்றால் ராத்திரியில் உள்ளே 600 பேர். கழிவறை 300 பேருக்கு. கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து அம்மா படுத்திருப்பார், ஊசி போட வருகிற சிஸ்டர் அவர் காலை மிதிக்காமல் தாண்டி வர வேண்டும். துணி காயப்போட ஜன்னல் கம்பி, தூக்குவாளி வைக்க மருந்து வைக்கிற ஸ்டூல்.

ஓமந்தூரார் பற்றி ஒன்று. 2011இல் அறிவித்து 2014 பிப்ரவரியில் திறந்தார்கள். வழக்குகளும் இருந்தன, சரி. ஆனாலும் வேறு எதற்கோ கட்டியதை வார்டாக மாற்றுவது வேகத்துக்கு உதாரணம் ஆகாது.

எலும்பு_டாக்டர்

நான் இரண்டு பக்கமும் இல்லை. என்னைக் கேட்டார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை என்பதைச் சொல்ல வந்தேன்.

ஒரு மருத்துவமனையில் எங்கள் பிரிவு வரைபடத்தை எனக்குக் காட்டினார்கள். தலையாட்டினேன், கையெழுத்தும் போட்டேன். கட்டி முடிந்த பிறகு பார்த்தால், தொடை எலும்பு முறிந்தவரை இழுவை எடைகள் தொங்க அப்படியே கட்டிலோடு எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிப்போகும்போது கடைசித் திருப்பத்தில் ஒரு தூண். கட்டில் திரும்பவில்லை. எடையைக் கழற்றி, ஸ்ட்ரெச்சருக்கு மாற்றி, அவர் அலற அலறக் கொண்டுபோவோம். நடைபாதை விதிப்படி 2.4 மீட்டர் இருந்தது, குறை சொல்ல முடியாது. அந்தத் தூண் படத்தில் ஒரு சின்னக் கறுப்புச் சதுரம். நானும் பார்த்தேன், எனக்கு உறைக்கவில்லை. எலும்பின் எக்ஸ்ரேயைப் படிக்கப் பல வருடம் படித்தேன். கட்டட வரைபடம் படிக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

தாளை நீட்டிக் கருத்துக் கேட்டால், நாளைக்கு நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று சொல்லத்தான் அது உதவும்.

கட்டடக்கலை_திருச்சி

டாக்டர் சொன்னதுதான் விஷயம். நான் மருத்துவமனைகள் வரைகிறவள். கேட்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்டால் மனிதர்கள் தாங்கள் பார்த்ததைத்தான் கேட்பார்கள். பழைய வார்டையே இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கேட்பார்கள்.

1984இல் ராஜர் உல்ரிச் என்பவர் ஒரு ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை, பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. எந்தக் கூட்டத்திலாவது ஒரு நோயாளி எழுந்து "எனக்கு மரம் தெரிய வேண்டும்" என்பாரா? கூச்சப்படுவார். அதனால் படித்தறிந்தவர்களின் பங்கை விட்டுவிடக் கூடாது.

எந்த மாதிரி கேட்பது என்பதற்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் மருத்துவமனை 2012இல் புதுக் கட்டடத்துக்கு மாறியது. அதற்கு முன்பே பழைய கட்டடத்துக்குள் புதிய அறையின் மாதிரி ஒன்றை முழு அளவில் கட்டி, உண்மையான நோயாளிகளைப் படுக்கவைத்து, செவிலியர் சொல்லச் சொல்ல மாற்றினார்கள். அந்த அறையில் இருந்தவர்கள் வலி மருந்து கேட்டது 30 சதவீதம் குறைந்தது. நமக்கு அவ்வளவு பணம் வேண்டாம். காலி ஹாலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பழைய கட்டில் நாலைக் கொண்டுவந்து வைத்தாலே தூண் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

பழைய_பொறியாளர்

மூன்றாம்_வார்டு எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மாடிக்கொரு தொட்டி இல்லாமல் வரைபடம் போடுவது தவறு. கேட்டுத்தான் தெரிய வேண்டும் என்று இல்லை, பொறியாளரே போட்டிருக்க வேண்டும். அப்படிப் போடாத வரைபடங்களில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு எல்லை வேண்டும். தீ விபத்துக்கான படிக்கட்டு, சாய்தளத்தின் 1:12 சரிவு, மின்சார அறை, ஆக்சிஜன் தொட்டியின் இடம், இவற்றுக்கு வாக்கெடுப்பு கிடையாது. சாய்தளத்தைச் சுருக்கி அறை கொடுங்கள் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கேட்டது மருத்துவர்கள்தான்.

இரவுப்பணி_செவிலி

எல்லை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். தீ பற்றிய விதியில் நாங்கள் ஏன் தலையிடப் போகிறோம்? கிண்டி பற்றி மட்டும் சொல்கிறேன். அது புதிதாகத் தொடங்கிய மருத்துவமனை. எங்களுடையது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த வார்டுக்கு எத்தனை மணிக்குக் கூட்டம் வரும், எந்த லிஃப்ட் முன்னால் ஸ்ட்ரெச்சர் தேங்கும் என்று தெரிந்த ஆட்கள் கையோடு இருக்கிறோம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் 11 படுக்கையோடு தொடங்கியது. தியேட்டரில் இரண்டு மேசை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒருவருக்கு அறுவை முடிவதற்குள் அடுத்தவரைச் செவிலியர் தயார் செய்து வைத்திருப்பார்கள், மருத்துவர் அப்படியே திரும்பி உட்காருவார். வேலை எப்படி நடக்கிறது என்று கூடவே நின்று பார்த்தவர்களால்தான் அப்படி அமைக்க முடியும்.

பழைய_பொறியாளர்

அரவிந்த் உங்கள் பக்கத்துக்கு உதவாது சிஸ்டர். அங்கே டாக்டர் வெங்கடசாமி என்ற ஒரு மனிதர் இருந்தார். தொடங்கியவரும் அவர், அறுவை செய்தவரும் அவர், முடிவெடுத்தவரும் அவர். அவருக்கு மாறுதல் உத்தரவு வராது. நம் ஜி.எச்.சில் அப்படி ஒருவர் யார்?

அதனால் என் யோசனை இது. சுண்ணாம்புக் கோடு போடுங்கள், நல்லது. ஒரு வார்டு, ஒரு கழிவறை, ஒரு பிரசவ அறை, அவ்வளவுதான். மூன்று வாரம். அந்தத் தேதியில் வரைபடம் பூட்டப்படும். அதற்குப் பிறகு கண்காணிப்பாளர் மாறினாலும் அமைச்சரே வந்தாலும் தொடக்கூடாது. அதை எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாமல் நடத்தினால் நான் எதிர்ப்பேன்.

இரவுப்பணி_செவிலி

எழுத்தில் வாங்குவது நல்ல யோசனை, மனுவில் சேர்த்துவிட்டேன். மூன்று வாரம் போதாது ஐயா. எங்கள் வார்டில் இரவுப் பணி சுற்று எல்லாரையும் தொட்டு வரவே ஆறு வாரம் ஆகும். பகலில் வருகிறவர்களை மட்டும் கேட்டால் பகல் மருத்துவமனைதான் கிடைக்கும்.

பழைய_பொறியாளர்

ஆறு வாரம் என்றால் நிதியாண்டு தாண்டிவிடும். நாலு. அதற்கு மேல் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

மூன்றாம்_வார்டு

கோடு போடுகிற அன்றைக்கு எங்களையும் கூப்பிடுங்கள் சிஸ்டர். ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்கு மேல் என்றால் நாங்கள் ஐந்து பேர் வருவோம்.

டயாலிசிஸ்_மகன்

நோயாளிகள் பக்கம் யார் வருவது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸில் இருக்கிறவர்கள் வருடக்கணக்காக வருகிறவர்கள், கட்டடத்தின் ஒவ்வொரு மூலையும் தெரியும். ஆனால் அந்த நாட்களில் அவர்கள் கட்டிலில் இருப்பார்கள். புதன்கிழமை வையுங்கள். அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்தே கூட்டிவருகிறேன், அது கோட்டுக்குள் திரும்புகிறதா என்று பார்த்துவிடலாம்.