தஜ்ஜால், மஹ்தி, யஃஜூஜ் மஃஜூஜ்: தரவுத்தளத்தில் எந்த வகையில் போடுவது?

காத்தான்குடி_ராத்தா:
அஸ்ஸலாமு அலைக்கும். மத்ரஸாப் பிள்ளைகளுக்காக விக்கித்தரவு மாதிரி ஒரு தரவுத்தளம் செய்துகொண்டிருக்கிறேன். நபிமார், ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) வரைக்கும் சிக்கலில்லை. கியாமத்தின் (உலக முடிவு நாளின்) அடையாளங்களுக்கு வந்ததும் கை ஓடவில்லை. ஒவ்வொரு பதிவிலும் முதல் கட்டமே ‘இது என்ன வகை’ என்றுதான் கேட்கிறது. கடைசிக் காலத்தில் வரும் பெரும் பொய்யனான தஜ்ஜாலைக் ‘கற்பனைப் பாத்திரம்’ என்று போட மனம் ஒப்பவில்லை, அது எங்கள் ஈமானோடு (நம்பிக்கையோடு) சம்பந்தப்பட்டது. ‘கியாமத் கால நபர்கள்’ என்று ஒரே வகையாக்கினால் ஈஸா நபியும் (இயேசு) தஜ்ஜாலும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். யஃஜூஜ் மஃஜூஜ் நபரே இல்லை, கூட்டம். தாப்பத்துல் அர்ழ் பூமியிலிருந்து வெளிவரும் ஒரு பிராணி. பிள்ளைகள் தேடி வாசிக்கப்போவது இதைத்தான். என்ன செய்யலாம்?

சம்மாந்துறை_நூலகன்:
வஅலைக்கும் ஸலாம் ராத்தா. அந்த ஒரே வகையை விட்டுவிடுங்கள். ‘இது என்ன’ என்பதற்கு ஒரு கட்டம், ‘கியாமத்தோடு என்ன தொடர்பு’ என்பதற்கு இன்னொரு கட்டம். ஈஸா நபி முதலில் மனிதர், நபி. நபித்தோழர் தமீமுத் தாரி (ரழி) சொன்ன செய்தி ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது, அதில் தஜ்ஜால் ஒரு தீவில் கட்டிவைக்கப்பட்ட மனிதன். அதனால் அவனும் மனிதன்தான். யஃஜூஜ் மஃஜூஜ் சமூகம்.

இரண்டாவது கட்டத்தில் ‘பெரிய அடையாளம்’ என்று போடுங்கள். ஹுதைஃபா இப்னு அஸீத் (ரழி) அறிவிக்கும் பத்து அடையாளங்களில் புகையும் இருக்கிறது, மேற்கில் சூரியன் உதிப்பதும் இருக்கிறது. ஆகவே நபர் என்ற வகைக்குள் அது அடங்காது. ஆதாரத்துக்கும் ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். யஃஜூஜ் மஃஜூஜ் குர்ஆனில் 18:94, 21:96. தாப்பத் 27:82. தஜ்ஜாலின் பெயர் குர்ஆனில் இல்லை, ஹதீஸில்தான்.

வாவிக்கரை_மட்டக்களப்பு:
நான் கிறிஸ்தவன், அக்கா. ஒன்று மட்டும் சொல்கிறேன். தஜ்ஜாலையும் அந்திக்கிறிஸ்துவையும் ஒரே பதிவாக்காதீர்கள். ‘ஒப்பிடத்தக்கது’ என்று இணைத்தால் போதும். கோகு, மாகோகும் அப்படித்தான். பைபிளில் எசேக்கியேல் 38இல் கோகு ஒரு ஆள், மாகோகு அவனுடைய தேசம். உங்கள் பக்கம் யஃஜூஜ், மஃஜூஜ் இரண்டுமே மக்கள் கூட்டம்.

காத்தான்குடி_ராத்தா:
ஜஸாகல்லாஹ் கைர், தம்பிமாரே. அப்புறம் கடைசிக் காலத்தில் வழிகாட்ட வரும் மஹ்தி? அந்தப் பத்தில் அவர் இல்லை. அபூதாவூத், திர்மிதி ஹதீஸ் தொகுப்புகளில் வருகிறார். ஸுன்னிகளான நாங்கள் இனி வருவார் என்கிறோம். பன்னிரு இமாம்களை ஏற்கும் ஷீஆக்களோ அவர் 869இல் ஸாமர்ராவில் பிறந்து, 874 முதல் மறைவில் இருக்கிறார் என்கிறார்கள். பிறந்த ஆண்டுக்கு என்ன எழுதுவது?

சம்மாந்துறை_நூலகன்:
இரண்டு பதிவு போடுங்கள். ‘மஹ்தி’ எதிர்பார்க்கப்படுபவர், அதில் ஆண்டே வேண்டாம். ஷீஆக்கள் சொல்லும் ‘முஹம்மத் இப்னு ஹஸன்’ தனிப் பதிவு, அங்கே 869. ‘இவர்களின் நம்பிக்கைப்படி மஹ்தி’ என்று இணைத்து, யார் நம்பிக்கை என்பதையும் அதிலேயே எழுதுங்கள். 1881இல் சூடானில் தன்னை மஹ்தி என்று அறிவித்த முஹம்மத் அஹ்மதுக்கு ‘உரிமை கோரியவர்’ என்ற இணைப்புப் போதும்.

காத்தான்குடி_ராத்தா:
சரி தம்பி. ஈஸா நபியின் பதிவிலிருந்து தொடங்குகிறேன். ‘நபி’ முதலில், ‘பெரிய அடையாளம்’ அதற்குக் கீழே.