நிலக்கரியோட அம்மோனியா சேத்து எரிச்சா புகை கொறையுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

பணகுடி_காத்து:
எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் தூத்துக்குடியில அக்கா வீட்டுக்கு போயிருந்தேன், மொட்டமாடியில நின்னு பாத்தா தெர்மல் மின் நிலைய சிம்னி தெரியும், அத காட்டித்தான் மச்சான் இந்த பேச்ச எடுத்தாவ. ஜப்பான்ல ஹெக்கினான்ங்குற எடத்துல 1000 மெகாவாட் யூனிட் ஒண்ணுல 2024 ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் நிலக்கரிய கொறைச்சு 20 சதவீதத்துக்கு அம்மோனியாவ எரிச்சு பாத்துருக்காங்களாம். எனக்கு தெரிஞ்ச அம்மோனியா யூரியாவும் ஐஸ் பேக்டரியும்தான், அது எப்படி தீப்பிடிக்கும்? நெசமாவே புகை கொறையுமா? இன்னொண்ணு, ஆடியில காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும்போது எங்க பக்கம் சில நாள் கரண்ட் எடுக்குத காத்தாடிய நிறுத்தி வைக்காங்க, அந்த கரண்ட்ல அம்மோனியா செஞ்சு தூத்துக்குடிக்கு அனுப்பலாம்லா?

பாய்லர்_அண்ணாச்சி:
தம்பி, எரியும். ஆனா லேசுல பத்திக்கிடாது, தீ பரவுத வேகமும் ரொம்ப கம்மி. நான் 210 மெகாவாட் பாய்லர்ல 29 வருசம் நின்னவன். நீலக் கண்ணாடி வச்சு ஓட்டை வழியா உள்ள பாத்தா நாலு மூலையில இருந்தும் வார தீ நடுவுல பம்பரம் மாரி சுத்தும், அந்த சூட்டுக்குள்ள அம்மோனியாவ விட்டா பத்திக்கிடும், தனியா எரிய விடுததுதான் கஷ்டம். அதுல கார்பனே கிடையாது, அதனால எவ்வளவு நிலக்கரிக்கு பதிலா போவுதோ அந்த அளவுக்கு சிம்னியில கார்பன் டை ஆக்சைடு கொறையும், அது நெசம்.

பயம் எங்கன்னா அதுல இருக்க நைட்ரஜன்ல. காத்து அதிகமா குடுத்து எரிச்சா நைட்ரஜன் ஆக்சைடுங்குற நச்சு வாயு கூடிரும். அதனால தீயோட ஆரம்பத்துல காத்த கொறைச்சு வச்சு, மிச்சத்த மேல குடுக்கணும். ஹெக்கினான்ல அப்படி பக்குவமா பண்ணி நிலக்கரி மட்டும் எரிக்கும்போது இருந்த அளவ விட கூடாம பாத்துக்கிட்டாங்க, கந்தக வாயுவும் 20 சதவீதம் கிட்ட கொறைஞ்சிருக்கு. எரியாம தப்புத அம்மோனியா சாம்பல்ல ஒட்டிக்கிட்டா வேற தொல்லை, அந்த சாம்பல செங்கலுக்கோ சிமெண்டுக்கோ கொழைக்கும்போது நாத்தம் மூக்க தொளைக்கும், சாம்பல் வாங்குதவன் திருப்பி அனுப்பிருவான்.

ஐஸ்கட்டி:
எரிக்கத விடுங்க, வைக்கத பத்தி யாரும் பேச மாட்டேங்கீய. சின்ன வயசுல நான் ஒரு ஐஸ் பேக்டரியில வேலை பாத்தேன், ஒரு நாள் விடியக்காலம் வால்வுல கசியாம அடைக்குத கிளாண்டு விட்டுருச்சு. வெள்ளையா பனி மாரி தரையோட தவழ்ந்து வந்துச்சு, கண்ணு தெறக்க முடியல, தொண்டைய யாரோ புடிச்ச மாரி இருந்துச்சு, துண்ட தண்ணியில முக்கி மூஞ்சில கட்டிக்கிட்டு காத்து வார தெசையப் பாத்து ஓடுனோம். கூட இருந்த ஒருத்தருக்கு ரெண்டு நாள் பேச்சே வரல. அங்க இருந்தது சில நூறு கிலோதான். மின் நிலையத்துக்குன்னா மைனஸ் 33 டிகிரியில ஆயிரக்கணக்கான டன் டேங்க்ல நிக்கணும். பக்கத்துல குடியிருக்க சனத்துக்கு எந்த தெசையில ஓடணும்னு சொல்லிக் குடுத்துட்டுத்தான் ஒரு டேங்க் வைக்கணும், அதுக்கு முன்னாடி வேண்டாம்.

பாளை_டீச்சர்:
தம்பி, கணக்கு போட்டு பாத்துருவோம், நான் பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி எடுக்கவ. ஒரு டன் அம்மோனியா எரிச்சா 18.6 கிகா ஜூல் சூடு. அதே சூடு நிலக்கரியில வந்தா சுமாரா 1.8 டன் கார்பன் டை ஆக்சைடு வரும், அது மிச்சம். ஆனா இன்னைக்கு உலகத்துல கிடைக்க அம்மோனியா முக்காவாசிக்கு மேல இயற்கை எரிவாயுலயும் நிலக்கரியிலயும் செய்யுததுதான், எரிவாயுல செஞ்சாலே டன்னுக்கு 2 டன் கிட்ட கார்பன் டை ஆக்சைடு போயிரும். அப்ப அந்த அம்மோனியாவ வாங்கி எரிச்சா நம்ம சிம்னி சுத்தமாகும், எங்கயோ இருக்க இன்னொரு சிம்னி அதுக்கு மேல கக்கும்.

சரி, உங்க காத்தாடி கரண்ட்ல செஞ்சா? தண்ணிய பிரிச்சு ஹைட்ரஜன் எடுத்து நைட்ரஜனோட சேத்து ஒரு டன் செய்ய 10,000 யூனிட் கரண்ட் கிட்ட வேணும். அத பாய்லர்ல எரிச்சா திரும்பி வாரது 2,000 யூனிட் கூட இல்ல. அஞ்சு குடுத்து ஒண்ணு வாங்குத யாவாரம். கடம்பாறை மின் நிலையத்துல தண்ணிய மேல ஏத்தி வச்சு எறக்குதாங்கல்லா, அந்த மாரி பண்ணா நாலுக்கு மூணு திரும்பி வரும். எனக்கு இத எரிக்கதுல மனசே ஒப்பல.

பாய்லர்_அண்ணாச்சி:
டீச்சர் சொல்லுதது சரிதான். நான் அளவ சொல்லுதேன், ஒரே ஒரு 210 மெகாவாட் யூனிட் ஃபுல் லோடுல 20 சதவீதத்துக்கு ஒரு நாளைக்கு 500 டன்னுக்கு மேல அம்மோனியா குடிக்கும். தூத்துக்குடி தெர்மல்ல அப்படி அஞ்சு யூனிட். அவ்வளவு அம்மோனியா கையில இருந்தா மொதல்ல யூரியாவுக்கு குடுக்கணும், பயிருக்கு அத விட்டா வேற வழி இல்ல, கரண்டுக்கு ஆயிரம் வழி இருக்கு. தூத்துக்குடி துறைமுகத்த பசுமை ஹைட்ரஜன் (காத்து, வெயில் கரண்ட்ல தண்ணியில இருந்து எடுக்குதது) மையம்னு மத்திய அரசு அறிவிச்சிருக்கு, அங்கயே உரத்துக்கு அம்மோனியா செய்யுத பேக்டரியும் இருக்கு, காத்தாடி கரண்ட அங்க கொண்டு போனா நான் கைதட்டுவேன்.

பணகுடி_காத்து:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, டீச்சரக்கா. அஞ்சுக்கு ஒண்ணு கணக்க மச்சானுக்கு அனுப்பிட்டேன், ராத்திரி 11 மணிக்கு போன் பண்ணி மறுபடியும் ஒரு தடவ விளக்கச் சொன்னாவ. ஐஸ்கட்டி அண்ணே, நீங்க சொன்னத அக்காகிட்டயும் சொன்னேன், அவ கேட்ட மொத கேள்வி, எங்க தெருவுல மத்தியானம் காத்து ஒரு பக்கம், ராத்திரி இன்னொரு பக்கம் அடிக்குமே, அப்ப எந்த தெசையில ஓடன்னு. நீங்கதான் சொல்லணும்.

ஐஸ்கட்டி:
கொடி ஒண்ணு மாடியில கட்டிப் போடச் சொல்லுங்க தம்பி. எங்க பேக்டரியில அந்த சம்பவத்துக்கு பொறவு பழைய வேட்டிய கிழிச்சு கம்புல கட்டி வச்சோம், ராத்திரியும் தெரியுத மாரி கீழ ஒரு லைட்டு. அது பறக்க தெசைக்கு எதிர்க்க ஓடணும், அந்த பக்கம்தான் கசிவுன்னா அதுக்குள்ள போவாம பக்கவாட்டுல.