‘தி கிவர்’ நாவலை வகுப்பில் நடத்தியவர்கள், பிள்ளைகள் படித்த பெற்றோர்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

நியூஜெர்சி, ஏழாம் வகுப்பு ஆங்கில ஆசிரியை:

இந்த வருடம் முதல் முறையாக ‘தி கிவர்’ நடத்தப் போகிறேன், வகுப்பில் என்ன செய்யலாம் என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். பதில் நீண்டுவிட்டதால் தனியாகவே போடுகிறேன். நடத்தியவர்கள் எல்லோரும் கீழே எழுதுங்கள்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: லோயிஸ் லௌரி எழுதியது, 1993இல் வந்தது, அடுத்த வருடம் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் வாங்கியது. பசி, வலி, சண்டை எதுவும் இல்லாத ஓர் ஊர். நிறமும் இசையும்கூட அங்கே கிடையாது. யாருக்கு யார் துணை, எந்த வீட்டுக்கு எந்தக் குழந்தை, யாருக்கு என்ன வேலை, எல்லாமே மூத்தோர் குழுவின் முடிவு. ஜோனஸ் என்ற பையனுக்குப் பன்னிரண்டாம் வயதுச் சடங்கில் ஒரு விநோதமான பொறுப்பு வந்து சேர்கிறது. ஊரே மறந்துவிட்ட பழைய உலகத்தின் நினைவுகளை ஒரு முதியவரிடமிருந்து அவன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இணையத்தில் இந்த நாவலுக்கென்று ஆக்டிவிட்டி பேக்குகள் குவிந்து கிடக்கின்றன. குறுக்கெழுத்து, ஊரின் வரைபடம், ‘உன் கனவு உலகத்தை உருவாக்கு’ என்று ஒரு போஸ்டர். போஸ்டர் வண்ணமயமாக வரும், சுவரில் ஒட்டலாம், பிரின்சிபால் வந்தால் நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் அதைச் செய்து முடிக்கப் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். அப்படிப்பட்ட எதையும் நான் வைப்பதில்லை. ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து கிளம்ப வேண்டும், அதே பக்கத்துக்குப் பிள்ளையைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான் என் அளவுகோல்.

எனக்கு மிகவும் கைகொடுத்தது ஒன்பதாம் அத்தியாயம். ஜோனஸிடம் ஒரே ஒரு தாள் தருவார்கள். அதில் எட்டு விதிகள் இருக்கும். யாரிடம் எந்தக் கேள்வியும் கேட்கலாம், கனவுகளை வெளியே சொல்லக்கூடாது என்றெல்லாம் போய், கடைசி விதி: நீ பொய் சொல்லலாம். பேச ஆரம்பித்த நாளிலிருந்து பொய்யே கூடாது என்று வளர்ந்த பையன் அவன். அதைப் படித்ததும் அவனுக்கு வருகிற முதல் யோசனை, பெரியவர்களுக்கும் அவரவர் தாளில் இதே வரி இருந்திருந்தால்? யாரைப் பிடித்து ‘நீங்கள் பொய் சொல்வீர்களா’ என்று கேட்டாலும், வருகிற பதில் நிஜமா என்று எப்படித் தெரியும்?

இதை நடத்துவதற்கு முன், அதே வகுப்பின் தொடக்கத்தில், ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதி மடித்த ஒரு சீட்டு கொடுப்பேன். அதில் மூன்றே வரி. பக்கத்தில் இருப்பவரைப் பேட்டி எடு. அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல். விரும்பினால் நீ பொய் சொல்லலாம், இந்தச் சீட்டை யாரிடமும் காட்டாதே. எல்லாச் சீட்டிலும் இதேதான் இருக்கும். ஆனால் மடிப்பும் பெயரும் இருப்பதால் அவரவருக்குத் தனியாக வந்த செய்தி என்றே நினைத்துக்கொள்வார்கள். பத்து நிமிடம் பேட்டி நடக்கும். சனி ஞாயிறு என்ன செய்தாய், வீட்டில் நாய் உண்டா, எந்த ஊரில் பிறந்தாய், இப்படி. முடிந்ததும், பக்கத்தில் இருப்பவர் சொன்னதை நம்புகிறவர்கள் கை தூக்குங்கள் என்பேன். ஏறக்குறைய எல்லாக் கையும் மேலே போகும்.

அப்புறம் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அத்தியாயத்தைச் சத்தமாக வாசிப்பேன். எட்டாவது விதி வரும்போது இரண்டு மூன்று தலைகள் நிமிரும். ஜோனஸின் யோசனை வரும்போது வகுப்பு முழுக்கத் திரும்பும். போன தடவை ஒரு பெண் புத்தகத்தை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்துப் பையனிடம் கேட்டாள்: “அப்போ உன்கிட்ட நாய் இல்லையா?” அவன் பதிலே சொல்லவில்லை, சீட்டை இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தான்.

இதற்கு மதிப்பெண் கிடையாது. யாருடைய எந்தப் பதிலில் இப்போது சந்தேகம், ஏன் என்று அரைப் பக்கம் எழுதச் சொல்வேன். இதன் பலன் தெரிவது பல அத்தியாயங்கள் தள்ளித்தான். பத்தொன்பதாம் அத்தியாயத்தில், இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததை அப்பா ‘விடுவிக்கும்’ காட்சியை ஜோனஸ் திரையில் பார்ப்பான். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கொல்வது என்று வாசிக்கிற பிள்ளைக்கும் அங்கேதான் புரியும். அப்பாவின் தாளிலும் அந்த வரி இருந்திருக்கிறது என்று நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்ததே இல்லை.

அந்த அத்தியாயத்துக்கு மட்டும் நான் எதுவுமே வைப்பதில்லை. வாசிப்பேன், புத்தகத்தை மூடுவேன், மணி அடிக்கும்வரை பேச நினைக்கிறவர்கள் பேசலாம். அப்பா குற்றவாளியா என்று நீதிமன்றம் நடத்துகிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல பயிற்சிதான், மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். அதே மணி நேரத்தில் வைத்தால் யார் வக்கீல் என்று சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள், குழந்தை மறந்துபோகும்.

இன்னொன்று. ஆரம்பிப்பதற்கு முன் பெற்றோருக்குக் கடிதம் போய்விட வேண்டும். 1990களில் அதிகம் ஆட்சேபிக்கப்பட்ட புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் போட்ட பட்டியலில் இதுவும் உண்டு. சிசுக்கொலையும் முதியோர் சாவும் உள்ளே வருகின்றன என்பதை நாமே முதலில் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

டெக்ஸாஸ், பெற்றோர்:

நான் டீச்சர் இல்லை, ஐடி வேலை. என் மகள் ஆறாம் வகுப்பில் இந்த நாவலைப் படித்தாள். அவர்கள் வகுப்பில் பன்னிரண்டாம் வயதுச் சடங்கை அப்படியே நடத்தினார்கள். ஆசிரியை தலைமை மூத்தவராக நின்றுகொண்டு ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டு வேலை கொடுத்திருக்கிறார். இவளுடைய தோழிக்கு டாக்டர். இவளுக்கு மீன்குஞ்சுப் பண்ணை உதவியாளர். வீட்டுக்கு வந்து பையை எறிந்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் வெறும் நாடகம். ஆனால் வீட்டுப்பாடமும் இருந்தது. வீட்டில் பெரியவர் ஒருவரைப் பேட்டி எடு, அவருடைய வேலையை முடிவு செய்தது யார் என்று கேள். மாட்டியது நான். பிளஸ் டூ மார்க் வந்தது, கவுன்சிலிங்குக்குச் சென்னை போனோம், என் அப்பா எந்தக் கல்லூரியில் விரல் வைத்தாரோ அந்தக் கல்லூரி, எந்தப் பிரிவில் வைத்தாரோ அந்தப் பிரிவு என்று சொன்னேன். எனக்குத் தாவரவியல் பிடிக்கும் என்பதையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு நிமிர்ந்து, “நீங்க அப்பீல் பண்ணலையாப்பா?” என்றாள். சமையலறையிலிருந்து என் மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

நம் வீடுகளில் அந்தச் சடங்கு பன்னிரண்டு வயதில் நடப்பதில்லை, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வருகிற அன்று நடக்கிறது. என்ன, மேடை மட்டும்தான் இல்லை. அந்தப் பேட்டியைத் தாத்தாவிடமும் வீடியோ காலில் எடுத்தாள். அவர் பதில் ஒரே வரி: “எங்க காலத்துல கேள்வியே கிடையாதும்மா.”

நியூஜெர்சி ஆசிரியை:

சார், அந்தப் பேட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன், ஆட்சேபம் இல்லையே? வேலை ஒதுக்கீடு நடத்துகிறவர்களுக்கு ஒரு சொல். நாவலில் ‘பிரசவத் தாய்’ என்று ஒரு வேலை உண்டு: மூன்று வருடம், மூன்று பிரசவம், பிறகு ஆயுள் முழுக்கக் கூலிவேலை. அதை எந்தப் பெண்ணுக்கும் விளையாட்டாகக்கூடக் கொடுக்காதீர்கள். அந்த வேலையைப் பற்றி ஜோனஸின் அம்மா தன் மகளிடம் பேசுகிற பகுதியை வாசித்தாலே பிள்ளைகளுக்குக் கோபம் வந்துவிடும், அது போதும்.

சிங்கப்பூர், செகண்டரி ஒன் இலக்கிய ஆசிரியை:

டீச்சர், பக்கத்திலிருந்து கிளம்ப வேண்டும் என்று சொன்னீர்களே, என்னுடைய பக்கம் மூன்றாம் அத்தியாயம். நண்பனோடு ஆப்பிளை எறிந்து பிடித்து விளையாடும்போது காற்றில் அது ஒரு கணம் மாறும். என்ன மாறியது என்று ஜோனஸுக்குச் சொல்லத் தெரியாது. நிறம் என்றாலே என்னவென்று அறியாதவன், சிவப்பை எப்படிச் சொல்வான்?

சிவப்பை ஒருபோதும் பார்க்காத ஒருவருக்கு அதை விளக்கி எழுதுங்கள், வேறு நிறத்தின் பெயர் வரக்கூடாது, சிவப்பான பொருளின் பெயரும் வரக்கூடாது என்பேன். முதலில் எல்லோரும் சூடு, கோபம், ஆபத்து என்று எழுதிவிட்டு முடித்துவிட்டதாகப் பேனாவை வைப்பார்கள். சூடு என்றால் வெந்நீர் சிவப்பா என்று கேட்டால் மறுபடி எடுப்பார்கள்.

ஒரு வருடம் கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுதவே இல்லை. கேட்டதற்கு, “எனக்கு அந்த ஆப்பிள் எப்பவுமே அப்படித்தான் டீச்சர்” என்றான். சிவப்பு, பச்சை வேறுபாடு அவனுக்குத் தெரியாது. ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குறை உண்டு என்று எனக்குத் தெரியும், ஆனால் வகுப்பில் யாரும் அதுவரை சொன்னதில்லை. ரம்புத்தான் மரத்தடியில் நின்றால் பழம் பழுத்திருப்பதே தெரியாது, அம்மா விரல் நீட்டின இடத்தில்தான் தேடுவேன் என்றான். அதன் பிறகு வகுப்பை நான் நடத்தவில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டு அவனிடமிருந்தே மீதி எல்லாம் வந்தது. டிராபிக் லைட் எப்படி? மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்ப்பேன். பதினோராம் அத்தியாயத்தில் ஜோனஸுக்கு முதல் நினைவாகப் பனியும் சறுக்கு வண்டியும் வரும்போது, இவன்தான் வாசிக்கக் கை தூக்கினான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அப்படி ஒரு பிள்ளை இருக்கிறதா என்று நாமே வகுப்பில் கேட்கக்கூடாது. அவனாகச் சொன்னதால்தான் அது அவனுடைய கதை.

முதல் பதிப்பின் அட்டையில் இருக்கிற தாடிக்கார முதியவரையும் நான் பயன்படுத்துகிறேன். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தது லௌரியேதான். படத்தில் இருப்பவர் கார்ல் நெல்சன் என்ற ஓவியர். நாள் முழுக்க நிறங்களோடு வாழ்ந்த மனிதர், பின்னாளில் பார்வை இழந்தார். இதைப் புத்தகம் முடிந்த பிறகுதான் சொல்வேன். முதல் நாள் அட்டையைப் பார்த்து அவரைப் பற்றி என்ன எழுதினார்களோ, அதையும் அப்போது திருப்பிக் கொடுப்பேன்.

கலிபோர்னியா, எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியர்:

கணக்கு வாத்தியாருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் பள்ளியில் ‘ஹங்கர் கேம்ஸ்’ நடத்தும்போது ஆங்கில ஆசிரியை என்னையும் கூப்பிட்டுக்கொள்வார்.

2008இல் வந்த அந்த நாவலில், ஒருவரை ஒருவர் கொல்லும் போட்டிக்குப் பிள்ளைகளைக் குலுக்கலில் எடுப்பார்கள். பன்னிரண்டு வயதில் பெயர் ஒரு சீட்டாகப் போகும், வருடா வருடம் ஒன்று கூடும். ஏழைப் பிள்ளைகள் கூடுதல் சீட்டுப் போட்டால் ஒரு சீட்டுக்கு ஓர் ஆளுக்கான ஒரு வருடத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். அதுவும் வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். கதாநாயகி காட்னிஸ் வீட்டில் மூன்று பேர், அவளுக்குப் பதினாறு வயது: வருடத்துக்கு நான்கு வீதம் ஐந்து வருடம், இருபது சீட்டு. அவள் நண்பன் கேல் வீட்டில் ஐந்து பேர், அவனுக்குப் பதினெட்டு: ஆறு வீதம் ஏழு வருடம், 42. புத்தகத்தில் எண்கள் மட்டும் இருக்கும். அது எப்படி வந்தது என்று பிள்ளைகளே பிரித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்புறம் ஆளுக்கு ஒரு குடும்ப அட்டை. வீட்டில் இத்தனை பேர், உன் வயது இவ்வளவு, அப்பாவுக்குக் கடை உண்டு அல்லது இல்லை. தானியம் வாங்குகிறாயா? சீட்டுகளை எண்ணிக் கண்ணாடி ஜாடியில் போடுவார்கள். கடை வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை மூன்று சீட்டோடு போய் உட்கார்ந்துவிடும், பக்கத்து மேஜையில் ஒருத்தி வெட்டிக்கொண்டே இருப்பாள். பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் அங்கே ஏன் ஒத்துப்போகவில்லை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, கத்தரிக்கோல் சத்தமே போதும். ஒரு பையன் நன்றாகவே மடக்கினான்: ஆயிரக்கணக்கான சீட்டில் இருபது என்றால் சின்ன வாய்ப்புதானே, எதற்குப் பயம்? உடனே ஒருத்தி, “பிரிம் பேர்ல ஒரே ஒரு சீட்டுதான் இருந்துச்சு” என்றாள். பிரிம் காட்னிஸின் தங்கை, குலுக்கலில் வந்தது அவள் பெயர்தான். நிகழ்தகவுப் பாடத்தில் நான் தேடிக்கொண்டிருந்த உதாரணம் அது.

ஜாடியிலிருந்து சீட்டு மட்டும் எடுக்க மாட்டோம். எடுக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தால் எங்கே ஒளிவது என்று பள்ளியில் ஒத்திகை பார்த்து வளர்கிற பிள்ளைகள் இவர்கள், அந்த வகுப்பறையில் ஒரு பெயரைச் சத்தமாகப் படிக்க எனக்கு மனம் வராது.

வர்ஜீனியா, புதிதாகச் சேர்ந்த ஆசிரியை:

கேள்வி கேட்டது நான்தான். எல்லோருக்கும் நன்றி! ஒரு வாரம் முழுக்க வகுப்பையே அந்த ஊர் மாதிரி நடத்தலாம் என்று திட்டம் வைத்திருக்கிறேன் அக்கா. ஒரே மாதிரி உடை, விதி மீறினால் மன்னிப்பு வாசகம், ஒருவரை ஒருவர் கண்காணிப்பது. செய்யலாமா?

நியூஜெர்சி ஆசிரியை:

மன்னிப்பு வாசகம் வையுங்கள்மா, ஒரு வகுப்புக்கு. தாமதமாக வருகிறவர் எழுந்து நின்று காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்க, எல்லோரும் சேர்ந்து ஏற்றுக்கொள்வது முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். கண்காணிப்பு வேண்டாம். 1967இல் பாலோ ஆல்டோவில் ரான் ஜோன்ஸ் என்ற வரலாற்று ஆசிரியர், சாதாரண ஜெர்மானியர்கள் எப்படி நாஜிகளுக்குப் பின்னால் போனார்கள் என்று காட்ட இப்படித்தான் ஆரம்பித்தார். நேராக உட்கார், சுருக்கமாகப் பதில் சொல், இதுதான் தொடக்கம். சீக்கிரமே வேறு வகுப்புப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள், ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். ஐந்தாம் நாள் அவரே எல்லோரையும் கூட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் நடத்தியது உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து, உங்களுடையது ஏழாம் வகுப்பு. அந்த ஒரு வாரத்தை வாசிப்புக்குக் கொடுத்தால் நான்கைந்து அத்தியாயம் ஓடும்.

அந்த நேரத்தைக் கடைசி அத்தியாயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊரைவிட்டுத் தப்பி ஓடும் ஜோனஸும், அவன் கூடத் தூக்கிப்போகும் கேப்ரியல் என்ற குழந்தையும் பிழைத்தார்களா, பனியில் இறந்துபோனார்களா? அடுத்த அத்தியாயம் எழுது என்று சொல்கிற வழக்கம் இருக்கிறது, எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. பிள்ளைகள் எழுதுவது பெரும்பாலும் விருந்தில் முடியும். நான் இரண்டு நிறப் பென்சில் கொடுப்பேன். பிழைத்தான் என்று சொல்ல வைக்கும் சொற்களுக்கு அடியில் ஒரு நிறம், இல்லை என்று சொல்ல வைப்பதற்கு இன்னொன்று. ஒரே வாக்கியத்துக்கு அடியில் இரண்டு கோடும் விழும் இடங்கள் வரும், விவாதம் அங்கிருந்து. இசை கேட்கிறது, எதிரொலியாகவும் இருக்கலாம் என்று முடிகிற கடைசி வரியில் எப்போதும் இரண்டு நிறமும் இருக்கும்.

பின்னால் வந்த தொடர் நாவல்களில் இதற்கு விடை இருக்கிறது. தேடினால் அரை நிமிடத்தில் கிடைத்துவிடும், சத்தமாகச் சொல்லவும் ஓர் ஆள் எல்லா வகுப்பிலும் உண்டு. அதனால் 23ஆம் அத்தியாயம் தொடங்கும் முன் போன் எல்லாம் பைக்குள் போய்விட்டதா என்று ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.