அல்டூனா மலையேற்றத்தில் ரயில் வானொலியின் பாதிப் பேச்சு மட்டும் கேட்ட காலம்

பென்சில்வேனியாவில் அல்டூனாவிலிருந்து கேலிட்சின் உச்சிக்கு ஏறும் நார்ஃபோக் சதர்ன் ரயில் நிறுவனப் பாதையின் வானொலிப் பேச்சை வீட்டிலிருந்து கேட்கத் தொடங்கியபோது, வண்டிகளுக்கு வழிவிடும் கட்டுப்பாட்டாளரின் குரல் பக்கத்து அறையில் இருந்து வருவதுபோல் தெளிவாக வந்தது. ஓட்டுநர் சொன்ன பதிலோ வெறும் இரைச்சலாகக் கரைந்தது. 1854இல் திறக்கப்பட்ட ஹார்ஸ்ஷூ வளைவில் கனத்த சரக்கு வண்டிகள் ஏறும்போது, முன்னே இழுப்பவரும் பின்னே உதவி எஞ்சினில் இருந்து தள்ளுபவரும் பேசிக்கொள்வதுதான் அந்தப் பாதையின் உயிர்நாடி என்பதால், அதை இழந்தது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

முதலில், அலைவரிசைகளை மாற்றி மாற்றிக் கேட்கும் கருவியான ஸ்கேனர்மேல் பழிபோட்டு, விலை கூடிய வேறொன்றை வாங்கினேன். எதுவும் மாறவில்லை. இரு தரப்பும் 160.800 மெகாஹெர்ட்ஸிலேயே பேசினாலும், ஒருவருடைய ஆன்டெனா உயரத்தில் இருக்கிறது, மற்றவருடையது தரையிலிருந்து நான்கரை மீட்டர் அளவில், அதுவும் மலை மடிப்புக்குள் ஓடும் எஞ்சினின் கூரைமேல் இருக்கிறது என்பது அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வானொலி அடிவானம், அதாவது அலை தடையின்றி எட்டும் தூரம், கிலோமீட்டரில் கிடைக்கும். என் கூரையின் 9 மீட்டர் உயரத்துக்கு அது 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல், எஞ்சினுக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழ். இரண்டையும் கூட்டினால் வரும் 21 கிலோமீட்டர் சமவெளிக்கு உரிய கணக்கு; குறுக்கே மலை நின்றால் அது செல்லாது. ஆயினும் சன்னலோரம் இருந்த ஆன்டெனாவைக் கூரைக்கு ஏற்றிய அன்றே வளைவின் கீழ்ப்பகுதியிலிருந்து ஓட்டுநர்களின் குரல் கேட்கத் தொடங்கியது.

ஆன்டெனாவை ஸ்கேனரோடு இணைக்கும் கேபிளில்தான் அடுத்த பாடம் கிடைத்தது. மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 15 மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 3 டெசிபலை, அதாவது ஆன்டெனா பிடித்த ஆற்றலில் பாதியை, விழுங்கிவிடுகிறது. தடித்த எல்எம்ஆர்-400க்கு மாற்றியதும் இழப்பு ஒரு டெசிபலுக்கும் கீழே இறங்கியது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆசைப்பட்டு, ஸ்கேனருக்கு முன்பே குறியைப் பெருக்கும் ஒரு முன்பெருக்கியைச் சேர்த்தேன். ரயில் பேச்சுக்கு நடுவே பண்பலை நிலையத்தின் பாட்டு கேட்டது. பலவீனமான குறிகளோடு வலிமையான பண்பலை அலையும் பெருகி, கருவியைத் திணறடித்திருந்தது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் வடிகட்டியை முன்பெருக்கிக்கு முன்னால் வைத்த பிறகே அது பயன்பட்டது. புதியவர்கள் முதலில் வடிகட்டியை வாங்குங்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

அந்தக் குளிர்காலத்துக்குப் பின் கேட்பு மெல்ல மங்கியது. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே ஒரு சொட்டு நீர். செம்புப் பின்னல் பச்சை பூத்து, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. இப்போது எல்லா இணைப்புகளையும் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் சுற்றிவிடுகிறேன்.

உச்சிக்கு அப்பால் கிரெசன் பக்கம் நடப்பதை மட்டும் எந்த ஆன்டெனாவாலும் என் வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. அங்கே வசிக்கும் நண்பர் ஒருவர் தம் மாடியில் இரண்டாவது கருவியை வைத்து, ஒலியை இணையம் வழியாக அனுப்புகிறார். மலைநாட்டில் ஒரே கோபுரத்தை உயர்த்திக்கொண்டே போவதைவிட, மலையின் இருபுறமும் எளிய கருவி ஒவ்வொன்றை வைப்பதே மேல் என்பது என் முடிவு.

⁂

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. கலிஃபோர்னியாவின் டெஹாசப்பி மலைப்பாதையில் எனக்கு நேர்ந்தது வேறு வகை. பிஎன்எஸ்எஃப் என்ற ரயில் நிறுவனத்தின் வண்டிகள் கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தும், அந்த நிறுவனத்தின் அலைவரிசைகளில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பாதை யூனியன் பசிபிக் என்ற வேறொரு ரயில் நிறுவனத்தினுடையது. யாருடைய வண்டியானாலும் பாதைக்காரரின் அலைவரிசையில்தான் பேசும் என்பதை அன்று மாலைதான் அறிந்தேன்.

காருக்குள் ரப்பர் ஆன்டெனாவோடு கேட்பவர்கள், 45 சென்டிமீட்டர் அளவுள்ள கால் அலைநீளக் கம்பியைக் காந்த அடியோடு கூரையின் நடுவில் வைத்துப் பாருங்கள். கூடவே 457.9375 மெகாஹெர்ட்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் கடைசிப் பெட்டியில் உள்ள கருவி பிரேக் குழாயின் அழுத்தத்தை அதில்தான் அனுப்புகிறது. யாரும் பேசாத நேரத்திலும் அந்தச் சிறு கீச்சொலி எழுந்தால், கேமராவை எடுத்துக்கொண்டு காரைவிட்டு இறங்கிவிடுவேன்.