கட்டில்ல கொட்டின 35 குட்டி டியூப்

குழு: மலைமேல் குடும்பம்
சனிக்கிழமை, மாலை 6:41

திவ்யா: ரம்யாக்கா ஒரு டவுட். உனக்கு மாசாமாசம் ஒரு மேக்கப் பெட்டி வருமே, அது எடுக்கலாமா? ஹாஸ்டல்ல ஒருத்தி எடுத்திருக்கா. மொத மாசம் 299, அப்புறம் மாசம் 599. உள்ள 1,950 ரூபா பொருள் இருக்குன்னு போட்டிருக்கு.

பெரியப்பா: என்ன பெட்டி? யாருக்குப் பெட்டி?

கார்த்தி அண்ணா: அப்பா, மேல படிங்க.

ரம்யா: எடுக்காதேன்னு சொல்ல மனசு வரல, எடுன்னு சொல்ல வாய் வரல. இரு, டிராயரை அப்படியே கட்டில்ல கொட்டி எண்ணிட்டு வர்றேன்.

அம்மா: ஒரு டிராயர் இல்ல, ரெண்டு. பீரோ கீழ்த்தட்டுலயும் கிடக்கு. அதையும் சேர்த்து எண்ணு.

மலர் சித்தி: திவ்யா, பெத்தவ பார்லர் வச்சிருக்கேன். என்கிட்ட கேக்காம குரூப்ல கேக்கறியா?

திவ்யா: உன்கிட்ட கேட்டா நேரா வேண்டாம்னுடுவ. அதான்மா.

மலர் சித்தி: வேண்டாம்னு சொல்ல மாட்டேன். அந்த 1,950 எப்படி வந்துச்சுன்னு மட்டும் பாரு. 30 மில்லி சீரம் 900 ரூபான்னு வை. பெட்டில வர்றது 5 மில்லி. அதுக்கு 150 ரூபான்னு போட்டுக்குவாங்க. கணக்கு தப்பில்ல. ஆனா அந்த 5 மில்லிய கடைல 150 குடுத்து வாங்குவியா நீ?

திவ்யா: ம்ம். மாட்டேன்.

மலர் சித்தி: அவ்வளவுதான். அந்த குட்டி டியூப் எல்லாம் கம்பெனிக்கு விளம்பரச் செலவு. எனக்கும் பார்லருக்கு சேல்ஸ் ஆளுங்க சும்மாவே குடுத்துட்டுப் போறது உண்டு. பெட்டில முழு சைஸ்னு ஒண்ணு வருமே, அது முக்கால்வாசி நெயில் பாலிஷ், இல்லேன்னா லிப்ஸ்டிக். நான் பார்த்த வரைக்கும் கடைல ஓடாத ஷேடா இருக்கும். எல்லா பெட்டியும் அப்படின்னு சொல்ல மாட்டேன்.

பெரியப்பா: இதில் புதுசாக ஒன்றும் இல்லை. கடலூர் சின்னிகிருஷ்ணன் அந்தக் காலத்திலேயே ஷாம்பூவைப் பாக்கெட்டில் அடைத்து விற்றவர். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலில் தொடங்கியதுதான் சிக் ஷாம்பூ. நம் அருவங்காடு குவார்ட்டர்ஸ் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும். பிடித்தால் அடுத்த வாரம் அதையே கிழித்து வாங்குவோம், பிடிக்காவிட்டால் பக்கத்துச் சரம். நஷ்டம் ஒரு ரூபாய்.

கார்த்தி அண்ணா: அப்பா சொல்றது பாயிண்ட். அங்க கிழிக்கறது நாம. இங்க எது வரணும்னு அவன் முடிவு பண்றான். இந்தப் பெட்டி ஐடியா பெரிசா கிளம்பினது அமெரிக்கால, 2010ல பிர்ச்பாக்ஸ். ஹார்வர்ட்ல படிச்ச ரெண்டு பொண்ணுங்க ஆரம்பிச்சாங்க. மாசம் 10 டாலர். ஊரே அதைப் பார்த்து காப்பி அடிச்சுது. 2021ல அதுவே வேற கம்பெனி கைக்குப் போயிடுச்சு.

திவ்யா: நம்ம ஊர்லயும் அப்படியா?

கார்த்தி அண்ணா: ஷார்க் டேங்க்னு டிவி பிசினஸ் ஷோல வந்த வினீதா சிங் தெரியுமில்ல, சுகர் லிப்ஸ்டிக் கம்பெனி ஆரம்பிச்சவங்க. அவங்க அதுக்கு முன்னாடி நடத்தினது இதே மாதிரி மாசப் பெட்டிதான், ஃபேப் பேக். எந்தப் பொண்ணுக்கு எந்த கலர், எந்த ஸ்கின்னுன்னு அதுல தெரிஞ்சதை வச்சுத்தான் சொந்த பிராண்டு வந்துச்சு. நீ சேரும்போது பத்து கேள்வி கேக்கறான் பாரு, அதுக்கே தனி விலை இருக்கு.

மாலை 7:26

ரம்யா: (படம்)
எண்ணியாச்சு. 7 மாசம், மாசத்துக்கு 5, ஆக மொத்தம் 35 உருப்படி.
காலி பண்ணது 8. இப்ப ஓடிட்டிருக்கறது 5. மத்தவங்களுக்குக் குடுத்தது 6. தூக்கிப் போட்டது 3. பிரிக்கவே இல்லாதது 13.
கட்டினது 299 + ஆறு 599. 3,893 ரூபா.

அம்மா: பிரிக்காதது 13!!!

கார்த்தி அண்ணா: காலியானது எட்டுன்னா, ஒரு குட்டி டியூப் 487 ரூபா.

திவ்யா: அது அநியாயக் கணக்கு அண்ணா. ஓடற அஞ்சையும் சேர்த்தா 13. ஒண்ணு 299தான் வருது.

கார்த்தி அண்ணா: சரி 299. 5 மில்லி டியூப் 299. சந்தோஷமா?

கோத்தகிரி அத்தை: இங்க பச்சைத் தேயிலை கிலோ இருபது ரூபா சொச்சம் கெடச்சாலே பெரிய காரியம். 599ன்னா முப்பது கிலோ இலை பறிக்கணும் கண்ணு. வெரல் கறுத்துப் போகும்.

ரம்யா: அத்தை அப்படி சொன்னா நான் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் கூட வாங்க முடியாது 😅

கோத்தகிரி அத்தை: சும்மா சொன்னேன் சாமி. நீ சம்பாதிக்கற, வாங்கிக்க. என்ன வந்துச்சுன்னு சொல்லு, கேப்போம்.

ரம்யா: அதுலதான் காமெடி. சேரும்போது ஊர் குன்னூர்னு போட்டேன், டிரை ஸ்கின்னும் போட்டேன். டிசம்பர்ல வந்தது ஆயில் கண்ட்ரோல் ஃபேஸ் வாஷ். கன்னம் வெடிச்சு முகம் கழுவவே பயந்துட்டு இருக்கேன், அவன் எண்ணெய் எடுக்க அனுப்பறான். சென்னைல வேர்த்து வடியறவங்களுக்கு மூட்டை கட்டினதுல ஒண்ண நமக்குத் தூக்கிப் போட்டிருக்கான்.

அம்மா: அன்னைக்கு தேங்காய் எண்ணெய் பாட்டில்ல கல்லா உறைஞ்சு கெடந்துச்சு. அதை வெந்நில வச்சு உருக்கிப் பூசித்தான் ஒரு வாரத்துல சரியாச்சு.

ரம்யா: (படம்) இதப் பாருங்க. இது போன வாரம் பிரிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது.

திவ்யா: ஐயோ பாக்கெட் ஏன் தலகாணி மாதிரி உப்பியிருக்கு? கெட்டுப் போச்சா?

கார்த்தி அண்ணா: கெடல. கீழ அடைச்ச காத்து. கோயமுத்தூர் 400 மீட்டர், நம்ம ஊர் 1,850. மேல காத்தழுத்தம் கம்மி, உள்ள இருக்கற காத்து விரியுது. பஸ்ல சிப்ஸ் பாக்கெட் உப்பறது இல்லையா, அதேதான்.

ரம்யா: அந்த விரியுற காத்து என் நைட்டில தெரிஞ்சுது. மூடிய லேசாத்தான் திருகினேன். பாதி லோஷன் புளுக்குன்னு கை வழியா முழங்கை வரைக்கும் வந்துடுச்சு. 10 மில்லில 5 மில்லி நைட்டிக்கு. இதையும் காலி பண்ணதுல எழுதியிருக்கேன்.

பெரியப்பா: 😂 எட்டு இல்லை, ஏழரை.

மலர் சித்தி: மூணாவது மாசம் வந்த கதையையும் சொல்லு ரம்யா. திவ்யாவுக்கு அதுதான் தேவை.

ரம்யா: சொல்றேன். அந்த மாசம் விட்டமின் சி சீரம் ஒண்ணு, பீலிங் ஜெல் ஒண்ணு. ரெண்டும் புதுசு, ஆசையா ஒரே ராத்திரி போட்டேன். காலைல தாடை ரெண்டு பக்கமும் செவசெவன்னு தடிச்சு, பஸ்ல ஷால் போத்திட்டுப் போனேன். தப்பு என்மேலதான், பேட்ச் டெஸ்ட் பண்ணல.

மலர் சித்தி: புதுசா எது வந்தாலும் முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள், முடிஞ்சா ரெண்டு நாள் பார்க்கணும். ஒண்ணு ஒத்துக்கிச்சுன்னு தெரிஞ்ச அப்புறம்தான் அடுத்தது. மாசம் அஞ்சு புதுசு வந்தா யாருக்குப் பொறுமை இருக்கும்? எது ஒத்துக்கிச்சு, எது ஒத்துக்கலன்னே தெரியாம அடுத்த பெட்டி வந்துடும்.

மலர் சித்தி: இன்னொண்ணு. அந்த பிரிக்காத பதிமூணையும் திருப்பி தேதி பாரு. திறந்த டப்பா படம் போட்டு 6எம், 12எம்னு இருந்தா, திறந்ததுல இருந்து அத்தனை மாசம். மஸ்காரா மூணு மாசத்துக்கு மேல வேண்டாம்.

ரம்யா: தேதி எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கு சித்தி. போன்ல ஜூம் பண்ணித்தான் படிச்சேன். ரெண்டு அடுத்த மாசம் முடியுது.

அம்மா: அப்போ 13ல 2 போச்சு.

திவ்யா: அப்போ உருப்படியா ஒண்ணுமே வரலயாக்கா?

ரம்யா: வந்துச்சு. லிப் பாம் ஒண்ணு, அத இப்ப முழு சைஸ் வாங்கிட்டேன். அப்புறம் சன்ஸ்கிரீன்.

பெரியப்பா: இந்தக் குளிருக்கு சன்ஸ்கிரீனா?

மலர் சித்தி: மாமா, குளிருக்கும் வெயிலுக்கும் சம்பந்தம் இல்ல. 1,000 மீட்டர் ஏறினா வெயில்ல இருக்கற யூ.வி. கதிர் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. சுடாததால நமக்கு உறைக்கல. தோட்டத்து வேலைக்குப் போற அக்காங்க கன்னத்தைப் பாருங்க, மேல ரெண்டும் கருமை தட்டி இருக்கும். இந்த மலைல ஒரே ஒரு பொருள் வாங்கறதுன்னா நான் அதைத்தான் சொல்வேன். ஆனா பெட்டில வர்றது 15 மில்லி. முகம் கழுத்துக்கு ரெண்டு விரல் நீளம் எடுத்தா பத்து நாள்ல முடிஞ்சுது. அடுத்த மாசம் அது வராது, வேற ஏதோ வரும்.

கோத்தகிரி அத்தை: இந்த மலரு இத்தனை வருஷமா எனக்கு இதைச் சொன்னதே இல்ல பாரு.

மலர் சித்தி: அண்ணி, ரெண்டு தீபாவளிக்கு முன்னாடி டியூப்பே வாங்கிக் குடுத்தேன். ஃபிரிட்ஜ் மேல வச்சீங்க.

கோத்தகிரி அத்தை: அது கால் வலிக்குன்னு நெனச்சேன்.

பெரியப்பா: (படம்: சனிக்கிழமை மாலை வணக்கம்)

இரவு 8:15

திவ்யா: சரி கேன்சல் எப்படி? அவ சொன்னா, கேன்சல் பண்றது பெரிய தொல்லைன்னு.

ரம்யா: இப்பதான் உள்ள போய்ட்டு வர்றேன். கேன்சல் அமுக்கினா ஏன்னு கேக்குது. சொன்னா, ஒரு மாசம் நிறுத்தி வைக்கவான்னு கேக்குது. வேண்டாம்னா 100 ரூபா தள்ளுபடி. அதுக்கும் வேண்டாம்னா ரெண்டு பட்டன். ஒண்ணு பளிச்சுன்னு ரோஸ் கலர்ல "நான் தொடர்கிறேன்". கீழ சாம்பல் கலர்ல பொடி எழுத்து: "எனக்கு என் சருமத்தில் அக்கறை இல்லை, நிறுத்துங்கள்". அதை அமுக்கினாத்தான் முடியுமாம்!

அம்மா: அமுக்கு.

கார்த்தி அண்ணா: இது சட்டப்படியே தப்பு. 2023 நவம்பர்ல வந்த விதில, ஆன்லைன் ஏமாத்து வேலைன்னு 13 வகை பட்டியல் போட்டிருக்காங்க. வெட்கப்படுத்தி அமுக்க வைக்கறது ஒண்ணு, மாசச் சந்தாவுல மாட்டி வெளிய விடாதது இன்னொண்ணு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. 1915க்கு கூப்பிட்டு நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பண்ணலாம்.

கார்த்தி அண்ணா: அவன் பட்டனை நம்பி உக்காராத. எந்த யூபிஐ ஆப்ல கட்டினியோ அதுல ஆட்டோபேன்னு இருக்கும், அங்க போய் அந்த மேண்டேட்டை, அதாவது தானா காசு எடுக்க நீ குடுத்த அனுமதிய, ரத்து பண்ணு. இனி காசு போகாது. பிடிக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ் வரணும்னு ரிசர்வ் பேங்க் விதி. உனக்கும் வந்திருக்கும்.

ரம்யா: வந்திருக்கு அண்ணா. ஏழும் வந்திருக்கு. ரீசார்ஜ் விளம்பரம்னு நெனச்சு தள்ளி விட்டிருக்கேன்.

பெரியப்பா: மலையில் பிளாஸ்டிக் தடை என்று செக்போஸ்ட்டில் என் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிவிட்டார்கள். இந்தப் பெட்டிக்குள் இருக்கும் குமிழி பிளாஸ்டிக் மட்டும் மாதாமாதம் மலையேறி வருகிறதே, அது எப்படி?

அம்மா: மாமா, அதை உங்கம்மா ஒவ்வொண்ணா அமுக்கி வெடிக்க விடறாங்க. பொழுதுபோக்கே அதுதான்.

ரம்யா: மண்ணுல புதைக்கவும் முடியல, எரிக்கவும் முடியல. ஏழு மாசத்து குமிழி பரண்ல கிடக்கு. அட்டைப்பெட்டி மட்டும் அப்பா எடுத்துட்டார், ஸ்க்ரூ போட.

அப்பா: 👍

திவ்யா: அக்கா உண்மைய சொல்லு. ஏன் ஏழு மாசம் நிறுத்தாம இருந்த?

ரம்யா: சொல்லட்டா? ஜூலைல அந்த மழை. மூணு நாள் கரண்ட் இல்ல. ரோட்டுல மரம் விழுந்து பெட்டி ஒம்போது நாள் மேட்டுப்பாளையத்துலயே கிடந்துச்சு. ஸ்கூல் லீவு, வீட்டுல போர்வைக்குள்ள. பத்தாவது நாள் கொரியர் பையன் ரெயின்கோட்ல சொட்டச் சொட்ட வந்து "ரம்யா மேடம் யாருங்க"ன்னான். உள்ள என்ன இருந்துச்சுன்னு இப்ப ஞாபகம் இல்ல. பேர் போட்டு ஒரு பார்சல், பிரிக்கற வரைக்கும் என்னன்னு தெரியாது. அதுக்குத்தான் 599 குடுத்தேன் போல.

கோத்தகிரி அத்தை: அதுக்கென்ன கண்ணு, நான் மாசம் ஒரு பெட்டி கட்டி பஸ்ல போட்டு விடறேன். பட்டர் ஃப்ரூட், கேரட், தைல எண்ணெய் ஒரு குப்பி. என்ன இருக்கும்னு சொல்ல மாட்டேன்.

கார்த்தி அண்ணா: இப்பதான் சொல்லிட்டீங்களே. கேன்சல் பட்டன் எங்க இருக்கு அத்தை?

கோத்தகிரி அத்தை: எங்கிட்ட கேன்சல் எல்லாம் கெடையாது.

திவ்யா: சரி, நாங்க இப்படிப் பண்ணலாமா? ஹாஸ்டல்ல மூணு பேர் சேர்ந்து ஒரே பெட்டி. ஆளுக்கு 200. யாருக்கு எது ஒத்துக்குதோ அவங்க எடுத்துக்கறது.

மலர் சித்தி: அது பரவால்ல. கண்ணு, உதடு சம்பந்தப்பட்டதை மட்டும் ஒருத்தரே வச்சுக்கணும். மஸ்காராவ மாத்தி மாத்திப் போட்டு கண்ணு வீங்கி என்கிட்ட வந்து நிக்காத. மூணு மாசம் பாருங்க. எத்தனை டியூப் காலியாச்சுன்னு ரம்யா மாதிரி எண்ணி அனுப்பு, அப்புறம் பேசலாம்.

ரம்யா: மேண்டேட் ரத்து ஆச்சு. ஸ்கிரீன்ஷாட் கார்த்தி அண்ணாவுக்கு தனியா போட்டிருக்கேன். ஆனா எட்டாவது பெட்டிக்கு வியாழக்கிழமையே காசு பிடிச்சிருக்கான். கிளம்பிடுச்சாம்.

அம்மா: (குரல் செய்தி 0:34)

திவ்யா: பெரியம்மா, கிளாஸ்ல இருக்கறவங்களுக்காக யாராச்சும் எழுதுங்க, ஹெட்போன் இல்ல.

கார்த்தி அண்ணா: சனிக்கிழமை ராத்திரி என்ன கிளாஸ்?

திவ்யா: 🙈

ரம்யா: அப்பத்தா பேசறாங்க. கண்ணுக்குக் கீழ தடவற ஜெல்லை ரெண்டு மாசமா குதிகால் வெடிப்புக்குப் போட்டாங்களாம், நல்லா கேக்குதாம். பெட்டியோட வர்ற ஜிப்பு பையில ஒண்ணுல வெத்தலை, ஒண்ணுல மாத்திரை, ஒண்ணுல ரேஷன் கார்டு. நாலாவது பைய எதிர்வீட்டுப் பாட்டிக்கு தர்றேன்னு சொல்லிட்டாங்களாம். இனி பை வராதான்னு கேக்கறாங்க.

பெரியப்பா: அப்பத்தாவிடம் சொல், எட்டாவது வருகிறது என்று.

திவ்யா: அக்கா, அந்த பிரிக்காத 13ல காஜல் இருக்கா?

ரம்யா: மூணு இருக்கு. மூணுமே கறுப்பு. செவ்வாக்கிழமை அப்பா கோயமுத்தூர் வர்றார், குடுத்து விடறேன்.

அம்மா: ரெண்டுன்னு சொல்லு. ஒண்ணு நான் எடுத்துட்டேன்.